எல் ஒட்டிய பாட்டில்

பெனுட் சாலைப் பக்கம் மறுபடியும் மண் எரிகிறது. மழை எட்டிப் பார்க்காத இந்த மாதத்தில், அன்னாசிக் காட்டுக் கரிமண்ணுக்குள் எங்கோ பிடித்த நெருப்பு, மேலே ஒரு சுடரும் காட்டாமல் அடியிலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. சிம்பாங் ரெங்கம் ஊர் முழுக்கப் புகை மூட்டம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கடைத்தெருவில் முகமூடி போடாத ஆளே இல்லை. வீட்டில் என் மனைவி சாந்தி ஈரத் துண்டுகளைச் சுருட்டிச் சன்னல் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு வருகிறாள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வருகிறேன்.

“பைத்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு? ஊரே மூச்சுவிட முடியாம கெடக்கு,” என்றாள் இன்று காலை.

“வாசமா இருக்கேன்னு பார்த்தேன்.”

ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தாள். யாருடைய வாசம் என்று அவளுக்குத் தெரியும். திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு, அடுப்படிச் சன்னலை மட்டும் அடைக்காமல் விட்டுவிட்டுப் போனாள். அந்தச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்துதான் இதை உனக்கு எழுதுகிறேன். கண் எரிகிறது. புகையால்தான். உடனே நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

உன்மேல் எனக்குப் பொறாமை என்பது பழைய சங்கதி. ஐம்பது தாண்டியும் உன் தலையில் இருந்த முடியை மூன்று பேருக்குப் பங்கு வைத்திருக்கலாம். எனக்கோ இருப்பது என் ஒருவனுக்கே போதவில்லை. நீ சிங்கப்பூர் ஓட்டலில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு விருந்து மண்டபத்தையே ஆட்டிவைத்தாய். நான் சின்னக் கார் ஒன்றில், பதினேழு வயதுப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று கத்திச் சம்பாதிக்கிறேன். நீ வாயைத் திறக்கும் முன்பே மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் முழு நகைச்சுவையையும் சொல்லி முடித்தபின், ‘ம், அப்புறம்?’ என்று கேட்பார்கள். இதையெல்லாம் உன் முகத்துக்கு நேராகவே சொல்லித் திட்டியிருக்கிறேன். நீயும் தலையைக் கோதிக்கொண்டே கேட்டிருக்கிறாய், கோதுவதற்கு உனக்கு இருந்தது.

இந்த மடலில் நான் புலம்ப வந்திருக்கிற பொறாமை வேறு. அது உன்மேல் வந்ததல்ல. உன்னில் எனக்குத் தெரியாமல் பங்கு வைத்திருந்த ஆள்மேல் வந்தது.

முதலில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் போவோம். வாரம் முழுக்க சிங்கப்பூரில் தங்கி வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை மதியம் பஸ்ஸில் வந்து இறங்குவாய். குளித்து, பட்டை போட்டு, கைலி கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாய். என் வீட்டிலிருந்து உன் வீடு இரண்டு வரிசை தள்ளி. நான் நடந்தே வருவேன். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன் குடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்தால் இந்தத் தாமான் குடியிருப்பில் நாளைக்கு எவன் பிள்ளையை அனுப்புவான்? அன்று நீ பின்கட்டு மேசையில் சாம்பல் நிற அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல அதிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாய்.

“ஸ்காட்லாந்துத் தீவுச் சரக்கு. சிங்கிள் மால்ட். ஐஸ் கேட்டே, நட்பு முறிஞ்சு போச்சு.”

எனக்கு அதுவரை விஸ்கி என்றால் கல்யாண வீட்டுப் பின்பக்கத்தில் கோலாவும் ஐஸும் முக்கால் தம்ளர் நிரப்பியபின், மனசாட்சிக்காக மேலே கொஞ்சம் விடுகிற பழுப்புத் தண்ணீர். நீ ஒரு விரற்கடை மட்டும் ஊற்றி, தேக்கரண்டியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நீட்டினாய். மூக்குக்கு அருகில் கொண்டுபோனேன். அலமாக்! சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பஞ்சால் தடவுவார்களே, அந்த டிஞ்சர். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“டேய், இது மருந்துடா. செத்தவனுக்குத் தடவுறது.”

“முதல் வாய்க்குத் தீர்ப்புச் சொல்லாதே. மூணாவது வாய் வரைக்கும் பொறு.”

முதல் வாயில் நாக்கு சுருண்டது. நான் உன்னைத் திட்டுவதற்குச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நீ பாட்டுக்குப் பாடம் நடத்தினாய். அந்தத் தீவிலும் நம் பெனுட் மாதிரி கரிமண் இருக்கிறதாம். பீட் என்று பெயராம். செங்கல் செங்கல்லாக வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்களாம். தானியத்தில் ஏறிய புகை, பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்தும் போகாதாம்.

“நம்ம ஊர்ல மண்ணு எரிஞ்சா தீய அணைக்க பொம்பா வண்டி வருது. அவன் ஊர்ல எரிஞ்சா பாட்டிலு வருது. பார்த்தியா விதிய?”

இரண்டாவது வாயில் கூரையைப் பார்த்தேன். முதலில் தேன் மாதிரி ஏதோ வந்தது, பிறகு பழுத்த பேரிக்காய். புகை அப்புறம்தான் வந்தது; அதுவும் முகத்தில் அடிக்காமல், மூன்று வீடு தள்ளி யாரோ சருகைக் கூட்டி எரிக்கிறார்கள் என்கிற மாதிரி. தொண்டையில் இறங்கியபின் உதட்டில் லேசாக உப்புக் கரித்தது. மூன்றாவது வாய் முடிந்ததும், எங்கோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்ளரை மட்டும் உன் பக்கம் நீட்டினேன். நீ சத்தமே போடாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாய்.

“இது சாதுடா. புகைக்குப் புதுசா வர்றவனுக்குன்னே பார்த்து எடுத்தேன். இதுக்கு அண்ணனுங்க இருக்கானுங்க, மூர்க்கனுங்க. அவனுங்க கையில உன்னை மொதல்ல குடுத்திருந்தா நீ அடுத்த வாரம் இந்த ரோட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டே.”

“அப்ப இது எல் லைசன்சு விஸ்கின்னு சொல்லு.”

என் வாழ்க்கையில் நான் சொல்லி நீ சிரித்த ஒரே நகைச்சுவை அதுதான். சிரித்ததோடு நிற்கவில்லை. மறுவாரம் நான் வந்தபோது, என் காரிலிருந்து கற்றுக்குட்டி வண்டிக்கான ‘எல்’ ஸ்டிக்கர் ஒன்றை எப்போதோ உருவி, அந்தப் பாட்டிலின் முதுகில் ஒட்டிவைத்திருந்தாய். அன்னாசித் துண்டுகளில் உப்பைத் தடவித் தட்டில் அடுக்கி, “இதுவும் கரிமண்ணுல வெளைஞ்சது, அதுவும் கரிமண்ணுல காஞ்சது. சம்பந்திங்க,” என்றாய். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் நீ, நான், எல் பாட்டில், சூடாகப் பொரித்த வாழைப்பழ பீசாங் கோரெங். தீர்ந்தால் அதே சரக்கில் இன்னொரு பாட்டில் வரும். ஸ்டிக்கர் புதிதாக ஒன்று என் காரிலிருந்து காணாமல் போகும். ஒரு சாயங்காலத்துக்கு ஆளுக்கு மூன்று விரற்கடை, அதற்குமேல் கிடையாது. உனக்கு ஊர் முழுக்கச் சிநேகிதர்கள். ஆனால் அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் நான் ஒருவன்தான். தேநீர்க் கடையில் மற்றவர்கள் விஸ்கிப் பேச்சு எடுத்தால், “பீட் பத்தித் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வந்துவிடுவேன். அவ்வளவு திமிர்.

அந்தத் திமிரில் ஒருநாள் மண் விழுந்தது. போன சனிக்கிழமை மூடும்போது சரக்கு எல் எழுத்தின் பாதத்தில் நின்றதை நான் பார்த்திருந்தேன். இந்தச் சனிக்கிழமை அது பாதத்துக்குக் கீழே போயிருந்தது.

“எவன் வந்தான்?” என்றேன்.

“எவனும் வரலையே.”

“எறங்கியிருக்கு.”

நீ பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாய். கொஞ்சமும் கூசாத முகம் உனக்கு. “பீப்பாயில இருக்கிறப்பவே கொஞ்சம் ஆவியாப் போகும்டா. தேவதைங்க பங்குன்னு சொல்லுவாங்க அந்த ஊர்ல.”

“மூடி போட்ட பாட்டில்ல எந்த ஊர்த் தேவதை வந்து குடிக்குது?”

“நம்ம ஊரு தேவதை. வெயில் ஜாஸ்தி லா.”

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு மடக்கு அளவுக்குக் குறையும். நான் துப்பறியத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக்காரனிடம் போய், அவன் வாயருகே நின்று, வேலியைப் பற்றிப் பேசினேன். லாபிஸிலிருந்து உன் பெரியப்பா வந்துபோன வாரம் அவர்மேல் சந்தேகப்பட்டேன். அவர் கறுப்பு பியர் தவிர எதையும் தொடாதவர் என்று தெரிந்தும். என் பயம் சரக்குத் தீர்ந்துவிடுமே என்பதல்ல. இன்னொருத்தனுக்கும் இதே மேசையில் உட்காரவைத்து, இதே சொட்டுத் தண்ணீர் விட்டு, இதே பாடத்தை நடத்தியிருக்கிறாயே, அப்படியானால் நான் யார்? இதுதான் என்னை அரித்தது. வீட்டில் புலம்பித் தீர்த்தேன். சாந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“நான் வேற ஒருத்தனோட ஓடிப் போனாக்கூட நீங்க இப்படி விசாரிக்க மாட்டீங்க.”

“நீ ஓடிப் போனா யாரோடன்னு தெரியும்ல. இங்க ஆளே தெரியலையே!”

அந்த வாரம் எனக்குச் சோறு வெங்காயம் இல்லாமல்தான் வந்தது.

பிறகு உன் வயிற்றில் அந்த நோய் வந்தது. வந்த வேகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எனக்கு அதில் நகைச்சுவை எதுவும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் நடந்ததை மட்டும் பின்னால் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைக்க வேண்டுமல்லவா? உனக்குப் பிடித்தது எது என்று உறவுக்காரர்களுக்கு என்ன தெரியும், எவனாவது கறுப்பு பியரை வைத்துவிட்டு எழுந்துவிடுவான், நான்தான் உன் வீட்டுக்காரி மாலதியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கும் உப்புத் தடவிய அன்னாசிக்கும் நடுவில் எல் பாட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மாலதி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். தயாரித்த வசனம் வாயிலேயே காய்ந்தது.

கற்பூரம் காட்டி, கும்பிட்டு, இலையை எடுத்தபின் ஆண்கள் பின்கட்டுக்குப் போனோம். படையலில் வைத்த பாட்டிலை வயதில் மூத்தவர்தான் திறக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். லாபிஸ் பெரியப்பா மூடியைத் திருகினார். மூக்கை உள்ளே விட்டார். முகம் அப்படியே கோணிக்கொண்டது.

“யாருடா இதுல டிஞ்சர ஊத்துனது?”

“பெரியப்பா, அது...”

“கெட்டுப் போச்சுடா தம்பி! மோட்டார் எரிஞ்ச மாதிரி நாறுது. இதையா புள்ளைக்குப் படைச்சீங்க? இதென்னா முதுகுல எல்லு? எதுக்கு எல்லு?” என்று சொல்லிக்கொண்டே எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற லோங்காங் பக்கம் நடந்தார். சாக்கடைக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துவிட்டார். நான் நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு பாய்ந்தேன். எனக்கு முன்பாக அடுப்படியிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

“ஊத்தாதீங்க மாமா! முதல் வாய்க்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது! மூணாவது வாய் வரைக்கும் பொறுங்க!”

கையில் கரண்டியோடு மாலதி நின்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற உன் தங்கைகள் இரண்டு பேரும் மாலதியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீட்டுப் பெண் குடித்திருக்கிறாள் என்ற அந்தப் பார்வை அன்றைக்கே லாபிஸ் வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கோ வேறு ஒன்று தெரிந்துவிட்டது. அது நீ எனக்குச் சொன்ன வாக்கியம். எனக்கு மட்டும் சொன்னது என்று நான் வைத்திருந்த வாக்கியம். சொல் பிசகாமல், நீ இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி அவள் சொன்னாள். தேவதை யார் என்பது தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வாயை வீணாக மோந்திருக்கிறேன்.

உள்ளே தீப்பிடித்தது. பெனுட் மண்போல, வெளியே காட்டாமல். வெளியே நான் செய்தது என்ன என்பதைக் கேள், பெருமைப்படு. பெரியப்பாவின் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: “அவன் எந்நேரமும் சொல்ற பேச்சு இது, பெரியப்பா. இந்த வீட்டுச் சுவத்துக்கே மனப்பாடம் ஆயிருக்கும். உக்காருங்க, நான் ஊத்துறேன்.”

பெரியப்பா முதல் வாயில் துப்பப் பார்த்தார். இரண்டாவதில் யோசித்தார். மூன்றாவதில், “ம்... கருவாடு சுட்ட வீட்டுல உக்காந்த மாதிரி இருக்குடா. நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லி, தம்ளரை நீட்டியதோடு நிற்காமல் பாட்டிலையே தன் பக்கம் இழுத்தார். அவர் முழுசையும் முடித்துவிடுவார் என்று பயந்தேன். மாலதி வந்து, “படையல் முடிஞ்சுது மாமா. சாப்பாடு ஆறுது,” என்று மேசையைத் துடைக்கிற சாக்கில் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்மேல் போகிற போக்கில் ஒரு பார்வை. அதில் நன்றி கொஞ்சம், ‘இப்ப தெரிஞ்சுதா?’ கொஞ்சம்.

அதற்குப்பிறகு நான் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆமாம், இத்தனை மாதமும். சாந்திதான் போய் வந்துகொண்டிருந்தாள். மாலதி கேட்டால் முட்டி வலி என்று சொல்லச் சொன்னேன். கணவனை இழந்தவளிடம் கோபித்துக்கொண்டு ஒரு கிழவன் வீட்டில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், காரணம் ஒரு மடக்கு விஸ்கி. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே தேநீர்க் கடையில் மூன்று நாள் ஓட்டியிருப்பேன்.

போன வாரம் புகை வந்தது. சனிக்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது.

“அண்ணே, முட்டி எப்படி இருக்கு?”

“பரவால்லம்மா.”

“இல்லாத வலி பரவால்லாமதான் இருக்கும். வெளிய வாசம் வருதா உங்களுக்கு?”

நான் சன்னல் பக்கம் திரும்பினேன்.

“காலையிலேர்ந்து கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவரு குளிச்சிட்டு வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு. பாட்டில எடுக்கப் போறேன். வாங்க. அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க, நீங்க தனியா வந்தா ஊர்ல வாய் சும்மா இருக்காது.”

போனோம். அதே பின்கட்டு, அதே மேசை. எல் பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம். உன் நாற்காலியை யாரும் தொடவில்லை. அதன்மேல் மாலதி துணிக் கூடையை வைத்திருந்தாள், காலியாகத் தெரியாமல் இருக்க. மூன்று தம்ளரில் ஒவ்வொரு விரற்கடை ஊற்றினாள். தேக்கரண்டியை எடுத்தாள். ஒரு சொட்டு. உன் மணிக்கட்டு திரும்புகிற மாதிரியே அவள் மணிக்கட்டும் திரும்பியது. எனக்கு வயிறு எரிந்தது. முதல் தம்ளர் எனக்கு வரும் என்று கையை நீட்டினேன். அது சாந்திக்குப் போனது.

சாந்தி கடைசியாகக் குடித்தது, பெரியவளைப் பெற்ற பிறகு என் மாமியார் மருந்துக்கு ஊற்றிக்கொடுத்த பிராந்தி.

“அண்ணி, மூக்க உள்ள விடாதீங்க. தள்ளி வச்சு, வாயக் கொஞ்சம் தொறந்துக்கிட்டு மோந்து பாருங்க. முதல் வாய்க்கு...”

“தீர்ப்புச் சொல்லாதே, அதானே? இவரு தூக்கத்துலயே சொல்லுவாரு,” என்றாள் சாந்தி. குடித்தாள். நான் அவள் மூக்கைப் பொத்துவதற்காகக் காத்திருந்தேன். பொத்தவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டினாள். “அட, வெறகடுப்புல பாயாசம் கிண்டுன மாதிரி இருக்கே! நல்லாயிருக்கு மாலதி. இதுக்கா டிஞ்சரு, மருந்துன்னு அவ்வளவு கதை விட்டீங்க நீங்க?”

முதல் வாயிலேயே தேறிவிட்டாள், என் மனைவி! எனக்கு மூன்று வாய் ஆயிற்று. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அப்போதுதான் மாலதி சிரிக்கத் தொடங்கினாள்.

“அண்ணே, உங்களுக்கு ஊத்துறதுக்கு முந்தின வாரமே எனக்கு ஊத்திட்டாரு தெரியுமா?”

“எதுக்கு?”

“ஒத்திகை. ‘இவனுக்கு இதைப் புடிக்க வைக்கணும், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, நீ குடிச்சுப் பாரு’ன்னு. ரெண்டு சொட்டுத் தண்ணியா, ஒரு சொட்டான்னு என்கிட்டதான் பார்த்தாரு. அப்புறம் எந்திரிச்சு நின்னு, உங்கள மாதிரியே நடிச்சுக் காட்டுனாரு. இருங்க.”

எழுந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகி, வயிற்றை முன்னால் தள்ளினாள். சாந்தி அதற்கே கைதட்டினாள். மாலதி மூக்கைப் பொத்தினாள். ‘டேய், இது மருந்துடா!’ தம்ளரைத் தூக்கினாள். கூரையைப் பார்த்தாள், வாய் திறந்தபடி, கோழி மழையைப் பார்ப்பதுபோல. பிறகு முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் மேசைக்கு மேலே நீட்டினாள்.

“‘மூணாவது வாய்க்கு இப்படி நீட்டுவான் பாரு மாலதி’ன்னாரு. அடுத்த வாரம் நீங்க வந்தப்ப அடுப்படி சன்னல்ல நின்னு பார்த்தேன். அப்படியே நீட்டுனீங்க. அவரு என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாரு.”

தோள் குலுங்கக் குலுங்க நீ சிரித்தது எனக்கல்ல. என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் இருந்த சன்னலுக்கு. நான் பெருமையோடு பூட்டிவைத்திருந்த ஒரு சாயங்காலம், அதற்கு ஒரு வாரம் முன்பே இன்னொருத்தியோடு முடிந்துபோன நாடகத்தின் இரண்டாம் காட்சி. இதைக் கேட்டு எனக்கு வெறி வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே, பஸ்ஸில் சிங்கப்பூருக்குப் போய் வரும் வழியெல்லாம் ‘இவனுக்கு இதை எப்படிப் பிடிக்கவைப்பது’ என்று நீ யோசித்திருக்கிறாய் என்பதும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் அன்னாசித் துண்டு ஒன்றை முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன்.

“அவ்வளவு நாளும் பாட்டில்ல எறங்குனது...” என்றேன், அன்னாசியோடு.

“ஞாயித்துக்கெழமை மத்தியானம், பஸ்ஸுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி. ஒரு மடக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தம்ளரு.” அவள் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. “நீங்க அந்த ஒரு மடக்குக்கு ஊரெல்லாம் விசாரிச்சீங்கன்னு அண்ணி சொன்னாங்க. எனக்கு உங்க மேல எவ்வளவு எரிச்சல் தெரியுமா அண்ணே? வாரம் பூரா நான் தனியா. சனிக்கெழமை வந்து எறங்குன மனுஷன், ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டுட்டு, குளிச்சிட்டு, வாசல்ல போய் நிப்பாரு. எனக்கில்ல, உங்களுக்கு. நீங்க முக்குத் திரும்புறப்ப அவரு மூஞ்சி மாறும். நான் எண்ணெய்ச் சட்டியில பீசாங் கோரெங்க திருப்பிக்கிட்டே பார்ப்பேன். சில வாரம் வேணும்னே தீய விட்டிருக்கேன்.”

“அது மொறுமொறுன்னு நல்லாத்தானே இருந்துச்சு!”

“அதான் அண்ணே வயித்தெரிச்சலே.”

சாந்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாலதி அவள் தலையில் தட்டினாள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. இந்த உலகத்தில் நான் பொறாமைப்பட லாயக்கான ஆள் ஒருத்தி இருக்கிறாள், அவளும் என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். யாரும் இதுவரை என்மேல் பொறாமைப்பட்டதே இல்லை. என்னிடம் என்ன இருக்கிறது, முடியா? இருந்தது, நீ இருந்தாய்.

மிச்சத்தை மூன்று தம்ளரிலும் சரிசமமாக விட்டாள். பிறகு, என்னைப் பார்க்காமல், மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டாள்:

“ஆஸ்பத்திரியில அன்னைக்கு நான் தண்ணி வாங்க கீழ போயிருந்தேன். மாடிப்படியில ஏறி வர்றப்ப நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நர்ஸு வந்து திட்டுற அளவுக்குச் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் அவரு சிரிக்கவே இல்ல. என்னண்ணே சொன்னாரு?”

இதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன். உனக்குத் தெரியும், நீதான் சொன்னாய். ஆனாலும் எழுதுகிறேன். அன்று உனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நான் சட்டைப் பையில் எல் பாட்டிலின் மூடியை ஒளித்துக்கொண்டு வந்திருந்தேன், அதன் தக்கை ஈரத்தோடு. உன் மூக்கருகே பிடித்தேன். கண்ணை மூடி, நீண்ட நேரம் இழுத்தாய். எலும்பாகிப்போன மார்பு ஏறி இறங்கியது. நான் அழப்போகிற கட்டத்தில் நீ ஒரு கண்ணை மட்டும் திறந்தாய்.

“டேய், மூக்காலயே குடிச்சிட்டேன். போய்ப் பாட்டில்ல எவ்வளவு எறங்கியிருக்குன்னு பார்த்துக்க.”

அதற்குத்தான் சிரித்தோம். ஆக, நான் வாராவாரம் ரகசியமாக அளவு பார்த்ததும், பக்கத்து வீட்டுக்காரன் வாயை மோந்ததும் எல்லாம் உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நீ சிரித்த கடைசிச் சிரிப்பு, நாம் இரண்டு பேர் மட்டும் இருந்த அறையில், என்னுடைய அசட்டுத்தனத்தைப் பார்த்து. எந்தச் சன்னலிலும் யாரும் நிற்கவில்லை.

மாலதி காத்திருந்தாள். சாந்தி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சொல்லியிருக்க வேண்டும். ஒத்திகைக் கதையை அவள் எனக்குத் தூக்கிக் கொடுத்தாளே, பதிலுக்கு இதையாவது கொடுப்பதுதானே மரியாதை? வாயைத் திறந்தேன்.

“ஒண்ணுமில்லம்மா. அரசியல்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

மாலதி கோபப்படுவாள் என்று நினைத்தேன். தம்ளரில் இருந்ததை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“சரிண்ணே. வச்சுக்குங்க. உங்களைப் பத்தி அவரு என்கிட்ட கடைசியா சொன்னது ஒண்ணு இருக்கு. அத நானும் வச்சுக்கிறேன்.”

திரும்பி வரும்போது தெருவே தெரியாத புகை. சாந்தி முகமூடிக்குள்ளிருந்து, “சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அவளும் சொல்லியிருப்பா,” என்றாள். சொல்லியிருப்பாள். அதுவும் எனக்குத் தெரியும். நான் கொடுத்தால் அவள் கொடுப்பாள், கணக்குச் சரியாகிவிடும். ஆனால் கொடுத்தபிறகு அந்த ஆஸ்பத்திரி அறையில் மூன்று பேர் இருப்பார்கள்.

அன்றிலிருந்து எதைச் செய்தாலும் என் நினைப்பு அங்கேயே போகிறது. நேற்றுக்கூட ஒரு பெண் வண்டியைச் சாக்கடைக்குள் விட இருந்தாள். நான் பிரேக்கை மிதிக்க மறந்து, நீ மாலதியிடம் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் தலைமுடியைப் பற்றியா? நல்லவன் என்றா? எப்போதும் பாட்டிலை அளந்து பார்க்கிற கஞ்சன் என்றா? எதுவாக இருந்தாலும் என்னைப் பற்றியது, என்னிடம் இல்லை, அவளிடம் இருக்கிறது.

நீ எனக்கு விட்டுப்போனதில் நான் சுமப்பது இந்த இரண்டும்தான். ஒன்று என்னிடம் இருக்கிறது, யாருக்கும் தரமாட்டேன். இன்னொன்று அவளிடம் இருக்கிறது, என்னவென்றே தெரியாது. அதுதான்டா கனக்கிறது.